விதி 14(இ)யும் நான்கு நினைவூட்டுகளும்

மாணவர் கையேடு, விதி 14, உட்பிரிவு (இ): "தமக்கு ஒதுக்கப்பட்ட கல்வி மையத்தில் நேர்முக வகுப்பில் கலந்துகொள்ள இயலாத மாணவர், அதே பருவத்தில் வேறொரு மையத்தில் அதே வகுப்பில் கலந்துகொண்டால், அந்த வருகை அவரது சொந்த மையத்தின் வருகையாகவே கொள்ளப்படும்."

தெளிவான விதி. 'கொள்ளப்படலாம்' என்று எழுதி அதிகாரி கையில் கயிற்றைக் கொடுக்காமல் 'கொள்ளப்படும்' என்று முடித்திருக்கிறார்கள். எழுதியவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். பணியில் இருந்த காலத்தில் இப்படி ஒரு வரியைக் கண்டால் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வேன். இதையும் அடிக்கோடிட்டேன். ஆனால் அது செயலுக்கு வர நாற்பத்தைந்து நாட்கள் ஆயின. அந்தத் தாமதத்தில் பெரும்பகுதி என் கைவேலை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்; கூடவே, அதற்குப் பிறகும் என்னோடு பேசுகிறவர்களுக்கு நன்றி சொல்லவும்.

கிருஷ்ணகிரியில் ஓர் அரசு அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவின் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறருடைய பணிப்பதிவேடுகளைப் பராமரித்தேன். யாருக்கு எப்போது விடுப்பு, யாருக்கு எந்த விதியின்கீழ் பதவி உயர்வு என்பதெல்லாம் மனப்பாடம். அந்த வேலைக்கு மனிதவள மேலாண்மை என்று பெயர் இருப்பதும், அதில் எம்.ஏ. படிக்கலாம் என்பதும் ஓய்வு பெற்று ஓசூரில் வீடு பார்த்து வந்த பிறகுதான் தெரிந்தது. அறுபத்திரண்டு வயதில் சேர்ந்தேன். வார நாட்களில் நான்கு மாலை இணையவழி வகுப்பு. பருவத்துக்கு நான்கு ஞாயிறுகள் கிருஷ்ணகிரி மையத்தில் நேர்முக வகுப்பு. நான்கில் மூன்றுக்காவது நேரில் வந்திருந்தால்தான் தேர்வு எழுதலாம். முதல் ஒப்படைவுக்கு இருபத்தைந்துக்குப் பதினொன்று வந்தது. "சொந்த அனுபவத்தைத் தவிர்த்துப் பாடநூலைப் பின்பற்றவும்" என்று குறிப்பு வேறு. முப்பத்து நான்கு ஆண்டுகளைத் தவிர்த்துவிட்டு எழுதினேன். அடுத்ததற்குப் பதினெட்டு வந்தது.

இணையவழி வகுப்பில் என் அறிமுகம் நடந்த விதத்தையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டாம் நாள், பேராசிரியர் ஊக்கக் கோட்பாடுகளை விளக்கிக்கொண்டிருந்தபோது, அறுபது பேர் காதிலும் என் மனைவியின் குரல் விழுந்தது.

"களி ஆறிப்போவுதுங்க. இந்த வயசுல படிச்சி எந்த ஆபீசுக்குப் போவப் போறீங்கோ? வந்து சாப்புட்டுட்டு அப்புறமா ஊக்கமா இருங்க."

திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்தது: "சார், உங்க மைக் ஆன்ல இருக்கு. அம்மா சொல்றதுதான் கரெக்ட், களி ஆறுனா நல்லாருக்காது."

அந்தச் செய்தியை அனுப்பியவரை அந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்தேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக உற்பத்தி லைனில் வேலை செய்கிறவர். வயது முப்பத்தைந்து இருக்கும். கணவர் வேறோர் ஆலை, வேறு ஷிஃப்ட்; வீட்டில் இருவரும் சேர்ந்து சாப்பிடுவதே வாரத்துக்கு ஒரு முறைதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மையத்தின் வகுப்பறையில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஓய்வு பெற்றவன் பக்கத்தில் உட்கார யாருக்கும் விருப்பமில்லை. கேள்வி கேட்டே நேரத்தைக் கடத்துவான் என்ற பயம் போலும். அவர் வந்து உட்கார்ந்தார். இரண்டு ஆண்டுகளும் அந்த இருக்கை அவருடையதாகவே இருந்தது.

அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. காலை ஆறரைக்கு ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் ஏறினால் சூளகிரி தாண்டுவதற்குள் எங்கள் வகுப்பே அந்தப் பேருந்தில் இருக்கும். தேர்வு பற்றித் தமிழில் பேசுவார்கள், மேலாளரைப் பற்றிக் கன்னடத்தில் பேசுவார்கள், சம்பந்தம் பேசும் விஷயம் என்றால் தெலுங்குக்குப் போய்விடுவார்கள். வகுப்பில் ஆங்கிலம் கேட்போம். மதியம் எல்லோருடைய டப்பாக்களும் ஒரே மேசையில் திறக்கும். பணியில் இருந்தபோது என் அறையில் நான் தனியாகத்தான் சாப்பிட்டேன், பதவி அப்படி. என் அறுபத்திரண்டாம் வயதில் ஒருவர் என் டப்பாவிலிருந்து கேட்காமல் ஊறுகாயை எடுத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிரச்சினை நான்காம் பருவத்தில் வந்தது. அதுவே கடைசிப் பருவம்.

எங்கள் பக்கத்து ஆலைகளில் வார விடுமுறை எல்லோருக்கும் ஞாயிறு அல்ல. அவருக்கு வெள்ளிக்கிழமை. நேர்முக வகுப்பு இருக்கும் ஞாயிறுகளில், லைனில் உள்ள வேறொரு பெண்ணோடு பேசி மாற்றிக்கொண்டு வருவார்; அந்தப் பெண்ணுக்காக வெள்ளிக்கிழமை நின்று வேலை செய்வார். கடைசிப் பருவத்தில் இரண்டு ஞாயிறுகளில் ஆலையில் தணிக்கை என்று யாரையும் விடவில்லை. அவர் அதற்குச் சோர்ந்து உட்காரவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அதே வகுப்புகள் தருமபுரி மையத்தில் நடந்தன. அங்கே போய் உட்கார்ந்து, வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டு, மையப் பொறுப்பாளரின் முத்திரையோடு நகலும் வாங்கி வந்தார். நான்குக்கு நான்கு. நான்கூட மூன்றுதான்.

மார்ச் கடைசியில் பல்கலைக்கழக இணையதளத்தில் தகுதிப் பட்டியல் வந்தது. அவர் பெயருக்கு நேரே: வருகை இரண்டு. தேர்வெழுதத் தகுதியில்லை.

வழக்கமாக இதற்கு நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஓராண்டு தள்ளி எழுதினால் என்ன என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவருக்கு அந்த ஓராண்டு இல்லை. அவருடைய ஆலையில் மனிதவளப் பிரிவில் ஓர் இடம், லைனில் வேலை செய்கிறவர்களிலிருந்தே ஒருவருக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். ஜூனில் தேர்ந்தெடுப்பார்கள். இறுதிப் பருவத் தேர்வை எழுதி முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர் அங்கே சேர்ந்த ஒன்பது ஆண்டுகளில் அப்படி ஓர் இடம் வந்தது இதுவே முதல் முறை.

உதவி எண்ணுக்குப் பேசினார். "இணையதளத்தில் மனு பதிவு செய்யவும், பதினைந்து வேலை நாட்களுக்குள் பதில் வரும்" என்று ஒரு குரல் சொன்னது. ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. வாசலிலேயே பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பி முயன்றால், அந்த நேரத்தில் பல்கலைக்கழக இணையதளம் பெரும்பாலும் திறக்காது.

"என்கிட்ட விடும்மா," என்றேன். "விதி நம்ம பக்கம் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

"ஒங்கள நம்பித்தான் சார் பாஸ்வேர்டக் குடுக்கேன். வீட்டுக்காரருக்குக்கூட சொன்னதில்ல."

ஏப்ரல் முதல் தேதி மனுவைப் பதிவு செய்தேன். அது சாதாரண மனு அல்ல. பொருள், பார்வை, ஆறு பத்திகள், விதி 14(இ) முழுமையாக மேற்கோள், தருமபுரி வருகைத் தாளின் நகல் இணைப்பு. பணியில் இருந்தபோது இப்படி ஒரு மனு என் மேசைக்கு வந்திருந்தால் எழுதியவரை அழைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்திருப்பேன். ஒப்புகை எண் வந்தது. ஒரு கோப்பு போட்டேன். அட்டை, நூல், பக்க எண் எல்லாம் முறைப்படி.

இங்கேதான் என் தொழில்புத்தி வேலை செய்தது. மனுவை அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பவன் மனுவைப் பற்றி அக்கறையில்லாதவன் என்பது எங்கள் அலுவலகங்களில் எல்லோரும் அறிந்தது. நினைவூட்டு அனுப்ப வேண்டும். வழக்கமான இடைவெளி பதினைந்து நாள். இது அவசரம் என்பதால் ஏழு நாளாகக் குறைத்தேன். ஏப்ரல் எட்டு, பதினைந்து, இருபத்திரண்டு, இருபத்தொன்பது. நான்கு நினைவூட்டுகள். ஒவ்வொன்றிலும் "பார்வை ஒன்றில் கண்ட மனுவையும் அதன் இணைப்பையும் காண்க" என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் புது ஒப்புகை எண் வந்தது. எண்களைக் கோப்பில் வரிசையாக எழுதும்போது வேலை நடக்கிறது என்ற நிம்மதி வந்தது. ஒரு முறையாவது மனுவின் நிலை என்ன என்று அந்தத் தளத்தில் பார்த்தேனா? இல்லை. ஒப்புகை கையில் இருக்கும்போது நிலையை எதற்குப் பார்க்க வேண்டும்?

மே இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை. அவருக்கு விடுமுறை. இருவரும் கிருஷ்ணகிரி மையத்துக்கே போனோம். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் மாங்காய் லாரிகள் நின்றன. மையத்தின் அலுவலகத்தில் ஒரு பெண்மணி இருப்பார். ஐம்பது வயது, உள்ளூர்க்காரர், மாணவர் எண்ணைச் சொன்னால் முகம் பார்க்காமலே பெயரைச் சொல்லிவிடுவார். என் தோழியின் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இன்னா சார் இது, யாரு வாராவாரம் புதுசு புதுசா மனு போட்டுட்டு கீறது?"

"நான்தான். அவையெல்லாம் நினைவூட்டுகள்," என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

"நெனவூட்டா? அய்யோ சார். இங்க அப்டி ஒண்ணு கெடயாது. ஒரே ஆளு ரெண்டாவது மனு போட்டா, மொத மனுவ கம்ப்யூட்டரு மூடிடும். புது மனு வரிசையில கடைசிக்குப் போயிடும். நீங்க நாலு தடவ மூடி வெச்சிக் கீறீங்க." திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நான்கு வரிகளில் ஒரே சொல்: மூடப்பட்டது. ஐந்தாவது வரி மட்டும்: வரிசையில் உள்ளது. "இதுலயும் பாருங்க, ஒரு பேப்பரும் இணைக்கல. 'பார்வை ஒண்ணு'னு எழுதிக் கீறீங்க. பார்வை ஒண்ணுதான் மூடிப்போச்சே, அவங்க எதப் பாப்பாங்கோ?"

முதல் மனுவோடு நின்றிருந்தால் ஏப்ரல் இறுதிக்குள் பதில் வந்திருக்கும். இப்போது பதினைந்து வேலை நாட்களை ஏப்ரல் இருபத்தொன்பதிலிருந்து எண்ண வேண்டும். விடுமுறைகளைக் கழித்து மனத்துக்குள் எண்ணினேன்; இந்தக் கணக்கில் நான் தவறுவதில்லை. கெடு மே இருபத்தொன்று. தேர்வின் முதல் நாளும் மே இருபத்தொன்று. இணைப்பு இல்லாத மனுவைத் திருப்பி அனுப்பினால் அதுவும் போயிற்று.

"புதுசா ஒண்ணு போட்டு இணைப்பு வச்சிடலாமா?" என்றேன்.

அந்தப் பெண்மணி தன் இரண்டு கைகளையும் விசைப்பலகைமேல் விரித்து மூடிக்கொண்டார். "தொடாதீங்க சார்! ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்." பிறகு, இருக்கும் மனுவுக்குள்ளேயே 'ஆவணம் சேர்' என்று ஓர் இடம் இருப்பதைக் காட்டினார். அதில் சேர்த்தால் தேதி மாறாது. கோப்பிலிருந்த தருமபுரி நகலை அவரே ஸ்கேன் செய்து ஏற்றினார். "இனிமே கையக் கட்டிக்கினு உக்காருங்க. அதான் சார் ப்ரொசீஜர்."

எனக்கு ஒருவர் நடைமுறை சொல்லித் தந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு நன்றி சொன்னேன். அப்போது அது வாயிலிருந்து வந்தது. இப்போது மனத்திலிருந்து சொல்கிறேன்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் என் தோழி முன்னால் நடந்தார். தேநீர்க் கடையில் இரண்டு தேநீர் சொன்னார். நான் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அவ்வளவு கனமாக இருந்ததை அதுவரை கவனிக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்காதீக."

"கேளும்மா."

"ஒங்க ஆபீசுக்கு நினைவூட்டு வந்தா நீங்க என்ன செய்வீக?"

பொய் சொல்லத் தோன்றியது. "மூணாவது வந்தாத்தான் ஃபைலத் தேடவே ஆரம்பிப்போம்," என்றேன்.

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். கோபம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "அதான் சார். ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆபீசுக்கு மனு போட்டிருக்கீக. நாம மனு போட வேண்டியது வேற ஆபீஸ்." தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒம்பது வருசம் சார்," என்றார். அவ்வளவுதான்.

"என்னாலதாம்மா. மன்னிச்சிடு."

"மன்னிப்பெல்லாம் பரீட்ச முடியட்டும், பாத்துக்கலாம். இப்ப வண்டி வருது, ஏறுங்க." ஏறி உட்கார்ந்த பிறகு, சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்லவேள, அஞ்சாவது போடுறதுக்குள்ள வந்துட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று அவரைப் பார்த்தேன். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு வந்த இரண்டு வாரங்களில் நான் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் அந்த வேலையை நான் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அப்போது அது இவ்வளவு கடினமாக இருந்ததில்லை. ஒரு நாள் காலை, பல்கலைக்கழகப் பதிவாளரின் நேர்முக உதவியாளருக்கு ஒரு கடிதம் மட்டும், மனுவே அல்ல, வெறும் தகவலுக்காக எழுதினால் என்ன என்று கணினிமுன் உட்கார்ந்தேன். மௌஸைக் காணோம். மனைவி அதை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு போன்ல சொல்லிச்சி," என்றாள். "சாரு கையி சும்மா இருக்காது, பாத்துக்கோங்கம்மான்னு. பரீட்ச வரிக்கும் புஸ்தகத்த மட்டும் தொடுங்க."

என் நுழைவுச்சீட்டு முன்பே வந்துவிட்டிருந்தது. அதை இறக்கி அச்செடுத்துவிட்டு, அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அவரே கேட்டார்.

"ஹால் டிக்கெட் எடுத்துட்டீகளா சார்?"

"எடுத்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல. நான் என்ன கண்ணு வைக்கவா போறேன்? பேரு, போட்டோ எல்லாம் சரியா இருக்கான்னு பாத்தீகளா?"

பார்க்கவில்லை. பார்த்தேன். சரியாக இருந்தது.

தன் சீட்டு வருமா என்று தெரியாமலேயே அவர் படித்தார். அதை நான் அருகிலிருந்து பார்த்தேன், அதாவது திரைவழியாக. காலை ஷிஃப்ட் என்றால் மாலை நான்கரைக்கு இணையத்தில் வருவார். இருவரும் ஒரு மணி நேரம் படிப்போம். ஒரு நாள் குறைதீர்ப்பு முறை பற்றிய கேள்விக்கு என் விடையை வாசித்துக் காட்டினேன். முதல் படி மேற்பார்வையாளர், இரண்டாம் படி துறைத்தலைவர், மூன்றாம் படி குழு. பாடநூலில் உள்ளபடி.

"அதுக்கு முந்தி ஒரு படி இருக்கு சார்," என்றார். "பொம்பளைக பாத்ரூம் வாசல்ல நின்னு பேசிக்கிடுறது. யாரு கை எப்ப மரத்துப் போச்சு, யாரு லீவு கேட்டு அழுதா, எல்லாம் அங்கதான். எச்.ஆர்.காரவுக மேல இருந்து எறங்கி வந்து அதக் கேட்டா, மத்த மூணு படிக்கு வேலையே இருக்காது. அவுக வர மாட்டாக. நான் அங்க உக்காந்தா எனக்கு அந்த வாசல் தெரியும்லா."

அந்தப் பதவி அவருக்கு எதற்கு என்று அதுவரை நான் கேட்டதில்லை. உட்கார்ந்து பார்க்கும் வேலை, வீட்டுக்கு நேரத்தோடு போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். என் விடையில் அந்த முதல் படியைச் சேர்த்துக்கொண்டேன். பாடநூலில் இல்லை, மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

மே இரண்டாம் வாரம் முடிந்தும் இணையதளத்தில் அதே வரி: வரிசையில் உள்ளது. இப்போது நான் அதைப் பார்க்கக் கற்றிருந்தேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மனைவியின் அனுமதியோடு, அவள் பக்கத்தில் நிற்க. அதற்கு மேல் இல்லை. தேர்வுக்கு ஐந்து நாட்கள் இருந்தபோது, காலைப் பார்வையை முடித்து, ஒன்றும் இல்லை என்று எழுந்து, கொய்மலர்ச் சந்தைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. அவருக்கு அன்று விடுமுறை.

"சார், உக்காந்திருக்கீகளா, நிக்கீகளா?"

"நிக்கறேன்."

"உக்காருங்க மொதல்ல." உட்கார்ந்தேன். அவர் வாசித்தார், பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக: "தருமபுரி மையத்தில் தங்களின் இரண்டு நாள் வருகை ஏற்கப்பட்டது. தேர்வு நுழைவுச்சீட்டைப் பதிவிறக்கம் செய்துகொள்ளவும்." பிறகு குரல் உடைந்தது. "எறக்கிட்டேன் சார். போட்டோகூட சரியா இருக்கு."

அடுப்படியிலிருந்து மனைவி, "இன்னாங்க, வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தலையை ஆட்டினேன். மேசைமேல் கோப்பு கிடந்தது. எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

"பதில்ல தேதி என்னம்மா போட்டிருக்கு?"

"அட ஆண்டவனே! இப்பத் தேதியா சார் முக்கியம்?" அழுகையும் சிரிப்புமாக வந்தது குரல்.

"சொல்லும்மா. குறிச்சிக்கறேன்."

"எழுதிக்கோங்க," என்றார். "மே பதினாறு, வெள்ளிக்கிழம."